சாய்ந்து நின்ற பகடை

பலகை அண்ணனுக்கான இரங்கல் கூட்டம் ஸ்டூடியோவின் பழைய சாமான் கிடங்கில் நடந்தது. என்னையும் சேர்த்து ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் பக்கத்து ஷூட்டிங் ஃப்ளோரில் கரண்ட் போனதால் காற்றாட வந்தவர்கள். “நல்ல மனுஷன், அதிர்ந்து பேச மாட்டாரு, வேலைன்னா வேலை” என்று ஒருவர் சொன்னார். அடுத்து வந்தவரும் அதையே சொன்னார். மூன்றாவது ஆள் அவர் பெயரையே தப்பாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருஷம் அவரோடு வேலை பார்த்தவள் நான், எழுந்து பேசியிருக்கலாம். பேசவில்லை. எழுந்திருந்தால் நானும் நல்ல மனுஷன் என்றுதான் சொல்லியிருப்பேன். அது பாதிதான். மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் கலைப் பிரிவில் சாமான் பார்க்கிறவர். நாற்காலி, விளக்கு, டெலிபோன், பூஜாடி என்று காட்சிக்கு வேண்டியதையெல்லாம் கொண்டுவந்து வைத்து, முடிந்ததும் எடுத்துப் போகிற ஆள். ஆனால் ஒரு காட்சியில் பேக்காமன் பலகை வருகிறது என்றால் மற்ற ஸ்டூடியோக்களிலிருந்துகூட அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த ஆட்டத்தை ஒழுங்காக அடுக்கத் தெரிந்தவர் இந்தத் தொழிலில் அவர் ஒருவர்தான். அதனால் பெயரே பலகை அண்ணன் ஆகிவிட்டது.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. ஆளுக்குப் பதினைந்து காய், ஒருவருக்கு வெள்ளை, ஒருவருக்குக் கறுப்பு. இரண்டு பகடை. பலகையில் இருபத்துநாலு முக்கோண வீடுகள். பகடையில் விழுகிறபடி காய்களை நகர்த்தித் தன் பக்கம் கொண்டுவந்து சேர்த்து, பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும். முதலில் எடுத்து முடித்தவருக்கு வெற்றி. ஜோடியாக நிற்கிற காயை எதிராளி தொட முடியாது. தனியாக நிற்கிறதை வெட்டலாம். வெட்டுப்பட்டது மறுபடி முதலிலிருந்து சுற்றிவர வேண்டும். இவ்வளவு போதும்.

சினிமா இந்த ஆட்டத்தைப் படுத்திய பாடு இருக்கிறதே, அதை அண்ணன் வாயால் கேட்க வேண்டும். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பேக்காமன் வில்லனுடைய சொத்து. கதாநாயகன் புத்திசாலி, அதனால் செஸ் ஆடுவான். கடத்தல்காரன் பட்டு அங்கி போட்டுக்கொண்டு பகடை உருட்டுவான். பகடையைக் கையில் எடுத்த எவனும் படம் முடிவதற்குள் செத்தே தீர வேண்டும். அடுத்த பத்து வருஷம் அது பணக்காரர்களிடம் போனது. படகு, நீச்சல் குளம், கறுப்புக் கண்ணாடி போட்ட பெண்கள், அவர்கள் காலடியில் ஒரு பலகை. யாரும் ஆட மாட்டார்கள். நீலத் தண்ணீருக்குப் பக்கத்தில் பழுப்பு நிறம் எடுப்பாக இருக்கிறது என்று கேமராமேன் வைக்கச் சொன்னதுதான். பிறகு டீக்கடைக் கிழவர்கள் வந்தார்கள். காலம் ஓடுகிறது என்று காட்ட வேண்டுமா, இரண்டு கிழவர்களை உட்காரவைத்து நடுவில் பலகையைப் போடு. அந்தக் கிழவர்கள் ஜெயித்ததும் கிடையாது, தோற்றதும் கிடையாது. அதற்கப்புறம் காதலர்கள். அவள் பகடையைப் போடுவாள், அவன் பகடையைப் பார்க்காமல் அவளைப் பார்ப்பான். கடைசியில் எல்லாம் கைப்பேசிக்குள் போய், பலகையே வேண்டாம் என்றாகிவிட்டது.

“இத்தனை வருஷத்துல ஒரு படத்துலயாவது இந்த ஆட்டம் முடிஞ்சிருக்கா பாரு” என்பார். உண்மைதான். துப்பாக்கி வெடிக்கும், போன் அடிக்கும், இல்லாவிட்டால் முத்தம் கொடுத்துக்கொள்வார்கள். ஒரு கதாநாயகன் காயை டக்கென்று வைத்துவிட்டு “செக்மேட்” என்று சொன்னான். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். டைரக்டருக்கு அந்தக் கம்பீரம் பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார். தியேட்டரில் கைதட்டினார்களாம்.

நான் கன்டினியூட்டி பார்க்கிறவள். காலையில் எடுத்த ஷாட்டில் காப்பி அரைக் கோப்பை இருந்தால், மத்தியானம் அதே காட்சியைத் தொடர்ந்து எடுக்கும்போதும் அரைக் கோப்பைதான் இருக்க வேண்டும். சட்டையின் இரண்டாவது பொத்தான் திறந்திருந்ததா, கடிகாரம் எந்தக் கையில், ஜன்னல் திரை எவ்வளவு விலகியிருந்தது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் மேசையைப் போட்டோ எடுத்து நோட்டில் ஒட்டிவைப்பேன். குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் என்றால் என்னைப்போன்ற ஆளுக்குக் கேட்க வேண்டுமா? செட்டில் எனக்கு ‘போலீஸ்’ என்று பெயர். அண்ணனும் அப்படித்தான் கூப்பிடுவார். ஆனால் அவர் வாயில் அது கேலியாக இருக்காது.

மூன்றாவது படத்திலேயே எனக்கு ஒரு விஷயம் தட்டுப்பட்டது. நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பழைய படத்தின் போட்டோவும் புதிய படத்தின் போட்டோவும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஒன்றில் கப்பல் அறை, ஒன்றில் டீக்கடை. இரண்டு பலகையிலும் காய்கள் ஒரே மாதிரி. வெள்ளை வலது பக்கம் சுவர்போல ஐந்து வீடு கட்டி நிற்கிறது. கறுப்புக் காய்கள் இரண்டு மட்டும் கூட்டத்தைவிட்டு நடுப்பலகையில் ஜோடியாக நிற்கின்றன. பகடை இரண்டிலும் ஆறு. அதில் ஒன்று நேராக விழாமல் ஒரு காயின் விளிம்பில் சாய்ந்து நிற்கிறது. முதல் படத்துப் போட்டோவைத் தேடி எடுத்தேன். அதிலும் அதேதான்.

மறுநாள் அவர் பலகையை வைத்ததும் நான் அந்தப் பகடையை நேராக்கினேன். அவர் மறுபடி சாய்த்து வைத்தார்.

“என்னண்ணே, தானா விழுந்தமாதிரி இருக்கணுமா?”

“இருக்கட்டும்.”

“சாய்ஞ்சு விழுந்தா கணக்கு உண்டா?”

“செல்லாது. ரெண்டையும் எடுத்து மறுபடி போடணும். அதான் சட்டம்.”

“அப்ப ஏன் அந்த ரெட்டை ஆறுக்குக் கறுப்புக் காய நகர்த்திட்ட மாதிரி அடுக்கியிருக்கீங்க?”

அவர் பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “சில வீட்ல செல்லும்” என்றார். பிறகு, “கை இப்படியே பழகிடுச்சும்மா” என்று சொல்லிவிட்டு ஜாடியை எடுக்கப் போய்விட்டார். பழக்கம் என்றால் பழக்கம். எனக்கென்ன வந்தது? படத்துக்குப் படம் ஒரே மாதிரி இருந்தால் என் வேலை சுலபம் என்று விட்டுவிட்டேன்.

ஒன்பதாவது வருஷம் அந்தப் பெரிய படம் வந்தது. வெளிநாட்டுத் தயாரிப்பாளர்கள் சேர்ந்து எடுத்தது. நாற்பது நாடுகளில் ஒரே நாளில் வெளியாகப்போகிறது என்று முதல் நாளிலிருந்தே பேச்சு. அதில் இரண்டு கூட்டாளிகள் பேக்காமன் ஆடும்போது பிரிகிறார்கள். எதனால் சண்டை வருவது என்று டைரக்டருக்குப் பிடிபடவில்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். நாலாம் நாள் அண்ணன், எப்போதும் கேட்டாலொழிய வாயைத் திறக்காதவர், அவர் பக்கத்தில் போய் நின்றார்.

“சார், பகடை சாய்ஞ்சு விழட்டும். ஒருத்தன் செல்லும்பான், ஒருத்தன் செல்லாதும்பான்.”

டைரக்டர் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. அன்றைக்கே காட்சியை எழுதினார்கள். கறுப்புக் காய் ஆடுகிறவன் பகடை போடுகிறான். இரட்டை ஆறு. அது விழுந்தால் எதிரி வீட்டு மூலையில் மாட்டிக்கொண்டிருக்கிற அவனுடைய இரண்டு காயும் ஒரே தாவலில் தப்பித்து நடுப்பலகைக்கு வந்துவிடும். ஆனால் ஒரு பகடை சாய்ந்து நிற்கிறது. வெள்ளைக் காய் ஆடுகிறவன் “செல்லாது, மறுபடி போடு” என்கிறான். வார்த்தை தடிக்கிறது. ஒருவன் எழுந்து போகிறான், இன்னொருவனும் எழுந்து போகிறான். கடைசியில் இரண்டு காலி நாற்காலி, நடுவில் பலகை. கேமரா மெதுவாகப் பலகைமேல் இறங்கி அப்படியே நிற்கிறது. பதினோரு விநாடி. எந்தப் படத்திலும் ஒரு பலகையை அவ்வளவு நேரம், திரை முழுக்க, யாரும் காட்டியது கிடையாது.

பகடை தானாகச் சாய்ந்து நிற்காது என்று அண்ணன் அடியில் துளி மெழுகு வைத்து நிறுத்தினார். காலையில் சண்டையை எடுத்தோம். சாப்பிட்டு வந்ததும் அந்தக் கடைசி ஷாட். அண்ணன் பலகையைச் சரிபார்த்துவிட்டு, கேமராமேன் கேட்ட மேசை விளக்கை எடுத்துவரக் கிடங்குக்குப் போனார். நான் நோட்டோடு குனிந்தேன். கறுப்புக் காய் இரண்டும் நடுப்பலகையில் நின்றன. காலைப் போட்டோவில் அவை மூலையில் இருக்கின்றன. கதையில் யாரும் அவற்றை நகர்த்தவில்லை, எழுந்து போய்விட்டார்கள். இத்தனை வருஷப் பழக்கதோஷத்தில் தன்னுடைய வழக்கமான அடுக்கை வைத்துவிட்டார் என்று நினைத்தேன். பலகை அண்ணனுடைய பலகையிலேயே தப்பு! உள்ளுக்குள் ஒரு குஷிதான், இல்லையென்று சொன்னால் பொய். இரண்டு காயையும் எடுத்து மூலையில் வைத்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. அடுத்தவர் தப்பைத் திருத்தினால் வாயைத் திறக்கக் கூடாது. டைரக்டர் காதில் விழுந்தால் அந்த ஆளுக்கு மண்டகப்படி. அதனால் திருத்திவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி தள்ளி நிற்க வேண்டும். நான் நிமிர்ந்தபோது அண்ணன் விளக்கோடு உள்ளே வந்துகொண்டிருந்தார். வைத்தார். ஒதுங்கி நின்றார். ஷாட் ஒரே டேக்கில் முடிந்தது.

படம் வெளியான அன்று அண்ணன் தனியாகப் போய்ப் பார்த்தார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. நான் அறிந்து அவர் எடுத்த ஒரே லீவு அதுதான். ஜுரமாக இருக்கும் என்று பேசிக்கொண்டோம். போய்ப் பார்க்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அவர் எங்கே குடியிருக்கிறார் என்றே யாருக்கும் தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் குடியிருந்தது ஒரு டயர் கடைக்கு மேலே ஒற்றை அறையில். அவர் ஓய்வு பெற்ற பிறகு, பென்ஷன் காகிதத்தில் கையெழுத்து வாங்க முதல்முறை போனேன். கீழே கம்ப்ரஸர் ஓடினால் அறையில் டம்ளர் நடுங்கும். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரே ஒரு நாற்காலி. விருந்தாளி வந்தால் அவர் கட்டிலில் உட்காருவார், ஆனால் விருந்தாளி வந்து அவருக்குப் பழக்கமில்லை என்பது அவர் நாற்காலியைத் தேடிய விதத்திலேயே தெரிந்தது. அதன்மேல் சலவைத் துணி குவிந்திருந்தது. ஊருக்கே பலகை அடுக்கிய மனுஷன் வீட்டில் பலகை கிடையாது. கேட்டேன்.

“தனியா ஆடுறதுக்கு அது சீட்டுக்கட்டா?” என்றார்.

எனக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆகாது. கணவர் போய்ச் சேர்ந்தார், மகள் கல்யாணமாகிக் கண்காணாத தூரத்தில் இருக்கிறாள். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் மேசையைக் கவனிக்கிறவளுக்கு ஏழாவது நாள் தன் மேசையைப் பார்த்தால் பயமாக இருக்கும். அதனால் ஞாயிறு காலையில் அவர் அறைக்குப் போக ஆரம்பித்தேன். அவர் டீ போடுவார். டம்ளர் இரண்டு வாங்கி வைத்திருந்தார். பேசுவது கொஞ்சம்தான். கீழே டயருக்குக் காற்று அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருப்போம். அதுவே போதுமாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கேட்காமலே சொன்னார்.

அவருக்கு ஒரு தம்பி. இரண்டு பேரும் ஸ்டூடியோவில் ஒன்றாகத் தச்சு வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே அறையில் இருந்தார்கள். தினமும் வேலை முடிந்ததும் ஒரு ஆட்டம். அம்மா படுத்த படுக்கையாக இருந்த ஏழு மாதமும் அண்ணன்தான் பார்த்துக்கொண்டார். தம்பி வெளியூர்ப் படப்பிடிப்பில் இருந்தான். நாளைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று தகவல் வந்துகொண்டே இருந்தது. அம்மா போன பிறகுதான் வந்தான். அதைப் பற்றி அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாவற்றையும் மனசுக்குள் போட்டு வைத்திருந்தார். ஒரு மாதம் கழித்து ஒரு ஆட்டம். தம்பி பகடை போட்டான். இரட்டை ஆறு, ஒன்று சாய்ந்து நின்றது.

“செல்லாது, மறுபடி போடுன்னேன். செல்லும்ன்னான். நம்ம வீட்ல எப்பவும் செல்லும், அம்மா செல்லும்னுதான் சொல்லும்ன்னான். அம்மா பேரை எடுத்ததும் எனக்கு என்னமோ ஆயிடுச்சு. ‘உனக்கு எல்லாம் செல்லும்டா, அம்மா உயிரோட இருக்கும்போது வராததுகூட உனக்குச் செல்லும்’னுட்டேன். அவன் எந்திரிச்சான். பலகைய அப்படியே விட்டுட்டுப் போனான். மறுநாள் கப்பல்ல தச்சு வேலைக்குச் சேர்ந்துட்டான்னு கேள்விப்பட்டேன்.”

அதன்பிறகு ஒரு கடிதம் கிடையாது. கப்பல் கம்பெனிக்கு எழுதிப் பார்த்தார், எந்தத் துறைமுகத்தில் இறங்கினான் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. ஆனால் தம்பிக்கு சினிமா என்றால் உயிர். எந்தத் தேசத்தில் இருந்தாலும் வாரம் ஒரு படம் பார்க்காமல் இருக்க மாட்டான். அதுவும் நடிகர்களைப் பார்க்க மாட்டான், தாங்கள் செய்த மேசை, நாற்காலி எங்கே வருகிறது என்று ஓரத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

“அதான், அந்தப் பலகையையே ஒவ்வொரு படத்துலயும் வெச்சேன். அவன் காய் ரெண்டையும் நகர்த்தி வெச்சேன். செல்லும்டா, நீ சொன்னதுதான் சரின்னு. வேற யாருக்கும் புரியாது. அவனுக்குப் புரியும். பார்த்தான்னா வந்துருவான்.”

டம்ளரைக் கீழே வைத்தேன்.

“மத்த படத்துலல்லாம் ஒரு விநாடி, ரெண்டு விநாடி. அந்தப் பெரிய படத்துலதான் நல்லாத் தெரியற மாதிரி அமைஞ்சுது. ஆனா பாரு, எடிட்டிங்ல என்னவோ மாறிப்போச்சு. காய் மூலையிலேயே இருக்கு. செல்லாது, செல்லாதுன்னு பதினோரு விநாடி.”

“ஆமாண்ணே” என்றேன். பதினோரு விநாடி அண்ணன் தன் தம்பியிடம் பேசியதில் இரண்டு காயை நான் தூக்கி மூலையில் வைத்திருக்கிறேன். எடிட்டரை அவர் குறை சொன்னார், நான் தலையாட்டினேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பழைய நோட்டை எடுத்து அந்தப் போட்டோவைப் பார்த்து அழுதேன். அடுத்த ஞாயிறு சொல்லிவிட வேண்டும் என்று போனேன். அவர் எனக்காக இன்னொரு நாற்காலி வாங்கிப்போட்டிருந்தார். சொல்ல முடியவில்லை. அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

கடிதம் ஸ்டூடியோ முகவரிக்குத்தான் வந்தது. உறைமேல் அந்தப் பெரிய படத்தின் பெயரைப் போட்டு, ‘இந்தப் படத்தில் பகடைப் பலகை அடுக்கியவருக்கு’ என்று எழுதியிருந்தது. வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே என்னிடம் கொடுத்தார். அஞ்சல் முத்திரையில் ஏதோ துறைமுக ஊர். ஞாயிறு வரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. அன்று மத்தியானமே டயர் கடைப் படியேறினேன். அதற்குள் அண்ணனுக்குப் பார்வை மங்கி, எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது. உறையைத் தடவிப் பார்த்துவிட்டு, “படிம்மா” என்றார்.

தம்பியின் மகள் எழுதியிருந்தாள். அப்பா நாலு மாதத்துக்கு முன் காலமாகிவிட்டார் என்பது முதல் வரியிலேயே இருந்தது. நான் நிறுத்தினேன். அண்ணன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கீழே யாரோ டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். “மேல படி” என்றார் அண்ணன்.

அப்பா கப்பலை விட்டு இறங்கி அலமாரி செய்கிற கடை வைத்திருந்தார். சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசியதே கிடையாது. அவருடைய மரப்பெட்டியை ஒழித்தபோது ஒரு காகிதம் கிடைத்தது. அதில் வரிசையாகப் படங்களின் பெயர்கள், பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் சின்னச் சின்னக் குறிப்பு. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்தால் அப்பாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று அனுப்புகிறேன். இவ்வளவுதான் கடிதம். கூடவே அந்தக் காகிதம்.

நான் படித்தேன். முதல் படம்: ‘கப்பல் அறை. பலகை இருக்கிறது. சரியாகத் தெரியவில்லை.’ இரண்டாவது: ‘டீக்கடை. ஒரு விநாடி. சாய்ந்திருந்த மாதிரி இருந்தது.’ மூன்றாவது: ‘மூன்று தடவை பார்த்தேன். காய் தெரியவில்லை. அண்ணனாக இருக்குமோ.’ இப்படிப் பதினான்கு படம். ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க அண்ணன் முகம் சின்னப்பிள்ளை முகம்போல ஆகிக்கொண்டு வந்தது. “பார்த்திருக்கான், பார்த்திருக்கான்” என்று முணுமுணுத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்குவதை அவர் துடைக்கவில்லை.

பதினைந்தாவது அந்தப் பெரிய படம். அதற்குக் கீழே வேறு படம் எதுவும் இல்லை. இரண்டு வாக்கியம் இருந்தது. முதல் வாக்கியத்தை மட்டும் படித்தேன். “‘அண்ணனேதான்.’”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாண்ணே.”

அவர் சிரித்தார். நான் பார்த்த வரையில் அவர் அப்படிச் சிரித்தது கிடையாது. “கண்டுபுடிச்சிட்டான் பாரு” என்றார். காகிதத்தை மடித்து உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அப்படியே நான் எழுந்து போயிருக்கலாம். அவரால் இனி அதைப் படிக்கவும் முடியாது. ஆனால் தப்பு ஒன்று கண்ணெதிரே கிடக்கும்போது சும்மா நகர்ந்து போகிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது? வாசல் வரை போனவள் திரும்பி வந்து அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

“அண்ணே, அது எடிட்டிங் இல்ல. நான்தான். நீங்க விளக்கு எடுக்கப் போனப்ப காய் ரெண்டையும் நான்தான் மூலையில எடுத்து வெச்சேன். தப்புன்னு நெனச்சு வெச்சுட்டேன். உங்க தம்பி அதப் பார்த்துட்டாரு. இந்தக் காகிதத்துல இன்னொரு வரி இருக்கு.”

அவர் சிரிப்பு போய்விட்டது. ஆனால் திடுக்கிடவில்லை.

“தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“நீ மாத்துனது. விளக்க எடுத்துட்டு அப்பவே வந்துட்டேன். கதவுகிட்ட நின்னு பார்த்துட்டுதான் இருந்தேன். ‘போலீஸ், தொடாத’ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“ஏண்ணே சொல்லல?”

அவர் உறையை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். “பகடை சாய்ஞ்சுதாம்மா விழுந்துச்சு. நான் என் கண்ணால பார்த்தேன். சின்னச் சின்னப் படத்துல, யாரு கண்ணுலயும் படாம, செல்லும்னு வெச்சுட்டு வந்துடலாம். அது லேசா இருந்துச்சு. இத்தனை பெருசா, நாப்பது நாட்டுக்கும் தெரியற மாதிரி நான்தான் தப்புன்னு சொல்லணும்னு வந்தப்ப… நீ காய எடுத்து மூலையில வெச்சியா, எனக்கு நல்லா இருந்துச்சு. அப்படியே இருக்கட்டும், அவன் முதல்ல வரட்டும்னு தோணிச்சு. மறுநாள் மாத்திக்கலாம்னு பார்த்தா ஷாட் முடிஞ்சிருச்சு, படம் போயிடுச்சு.”

அம்மா படுத்திருந்தபோது தம்பி சொல்லிக்கொண்டிருந்த ‘நாளைக்கு’ என்பதும் இவர் சொன்ன ‘மறுநாள்’ என்பதும் என் காதில் ஒன்றாகவே விழுந்தன. அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது, இரண்டு வருஷம் என்னை அழவிட்டாரே என்று. அந்தக் கோபம் நிற்கக்கூட இல்லை, அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

“அந்த வரியப் படி” என்றார்.

“வேண்டாண்ணே.”

“படிம்மா.”

உறையைப் பிரித்துக் காகிதத்தை எடுத்தேன். வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். “‘அண்ணனேதான். இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.’”

கீழே கம்ப்ரஸர் நின்றிருந்தது. அவர் தலையை மெல்ல ஆட்டினார்.

“சரியாத்தான் சொல்லியிருக்கான்” என்றார்.